ஊர் பேர் இல்லாத மார்க் எதுக்கு?



பிஎச்பி பாடத்தில் அசோசியேட்டிவ் அரே வந்ததும் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? லூப் எழுதி, வேல்யூவை மட்டும் பிரிண்ட் பண்ணிவிட்டு, "அவுட்புட் வந்துடுச்சு"ன்னு எழுந்துவிடுகிறோம். கீயை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இது சரியில்லை என்பது என் கருத்து. கீயும் வேல்யூவும் சேர்ந்தே சுற்ற வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கீ என்றால் என்ன? நம்ம பக்கத்துப் பின்கோடையே எடுத்துக்கொள்வோம். 600053 என்றால் அம்பத்தூர், 600054 ஆவடி, 600056 பூந்தமல்லி. எண்தான் கீ, ஊர்தான் வேல்யூ. நம் நாட்டில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. ஒரே பெயரில் பல ஊர் இருந்தாலும் கடிதம் தவறாமல் போய்ச் சேர அது உதவுகிறது. அம்பத்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது. ஆனால் 600053-ம் 600054-ம் அப்படியேதான் இருக்கின்றன. பார்த்தீர்களா? வேல்யூ பற்றிய விவரம் மாறலாம், கீதான் அடையாளம்!

இந்த மூன்று ஊரையும் ஒரு அரேயில் போட்டு, பழைய பழக்கத்தில் ஃபோர் லூப்பை 0-லிருந்து 2 வரை ஓட்டினால் என்ன ஆகும்? ஒரு ஊரும் வராது. 0, 1, 2 என்ற கீயே அதில் இல்லையே! பிஎச்பி 8 என்றால் மூன்று வார்னிங்தான் மிச்சம். சரி, 600053-லிருந்து 600056 வரை ஓட்டலாமா? நடுவில் 600055 நம் அரேயில் இல்லை, அங்கே மாட்டிக்கும். இதற்குச் சரியான வழி இதுதான்:

ஃபோர்ஈச் ($ஊர்கள் ஆஸ் $பின் => $பெயர்)

ஃபோர்ஈச், ஆஸ் இரண்டையும் ஆங்கிலத்தில் அடிக்கணும். வேரியபிள் பெயர் தமிழில் இருந்தாலும் பிஎச்பி ஏற்றுக்கொள்ளும்! ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஜோடி கைக்கு வரும், நாம் போட்ட வரிசையிலேயே வரும். ஃபோர்ஈச் 2000-ல் பிஎச்பி 4-ல் வந்தது. அதற்கு முன் லிஸ்ட், ஈச் என்ற இரண்டையும் வொயில் லூப்பில் கோர்த்து எழுதினார்கள். அந்த ஈச் ஃபங்ஷனை 2020-ல் பிஎச்பி 8-ல் எடுத்தே விட்டார்கள். அண்ணன், அக்காவின் பழைய நோட்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க!

இப்போ விஷயத்துக்கு வருவோம். ஒரு வகுப்பின் மார்க் பட்டியல் இருக்கிறது. 101-க்கு 78, 102-க்கு 45, 103-க்கு 91. இதை சார்ட் ஃபங்ஷனில் போட்டால் 45, 78, 91 என்று அழகாக வரிசையாகும். ஆனால் ரோல் நம்பர் போயே போச்சு! கீ எல்லாம் 0, 1, 2 என்று மாறிவிடும். அந்த 91 யாருடையது? உழைத்துப் படித்தவருடைய மார்க் ஊர் பேர் தெரியாமல் நிற்கும். அதுவே ஏசார்ட் போட்டால் 102-க்கு 45, 101-க்கு 78, 103-க்கு 91 என்று ஜோடி பிரியாமல் வரும். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்! மார்க், மருந்து, ரேஷன், சம்பளம் எதுவானாலும், கீ தொலைந்தால் ஒருத்தருடையது இன்னொருத்தருக்குப் போய்விடும்.

இன்னொன்று. எல்லோருக்கும் 2 மார்க் கூட்டணும் என்று லூப்புக்குள் வேல்யூவோடு மட்டும் 2 கூட்டினால், அரேயில் ஒன்றும் மாறாது. சாதாரண ஃபோர்ஈச் நம் கையில் தருவது வேல்யூவின் நகல்தான். கீ கையில் இருந்தால், அந்தக் கீயை வைத்தே அரேக்குள் போய்த் திருத்தலாம்.

"மொத்தமோ சராசரியோ கண்டுபிடிக்க வேல்யூ மட்டும் போதுமே?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயம்தான், அங்கே போதும். ஆனால் அது தெரிந்தே விடுவது. தெரியாமல் விடுவது வேறு. பைத்தான் படிக்கிற கணினி அறிவியல் பிரிவு நண்பர்களுக்கும் இதே கதைதான். டிக்ஷனரியை வெறுமனே லூப்பில் விட்டால் கீ மட்டும்தான் வரும். ஐட்டம்ஸ் போட்டால் இரண்டும் சேர்ந்து வரும்.

அதனால் ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டில் இருக்கிற புரோகிராமை அப்படியே மனப்பாடம் பண்ணுவதோடு நிற்காதீர்கள். நம் வகுப்பில் யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்களோ, அந்தப் பின்கோடுகளை வைத்து ஒரு அரே போடுங்கள். கீயும் வேல்யூவும் சேர்த்து லூப் எழுதுங்கள். பிறகு சார்ட், ஏசார்ட் இரண்டையும் போட்டு வித்தியாசத்தை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். புரிந்துவிட்டால் பிராக்டிகலில் கேள்வியை எப்படி மாற்றிக் கேட்டாலும் பயமில்லை.

சிந்திப்போம், செய்து பார்ப்போம்!

இப்படிக்கு,
+2 மாணவி, கணினிப் பயன்பாடுகள் பிரிவு