துணையின்றி ஒரு பிற்பகல்

சென்னையில் விடுதியில் தங்கிப் பயிலும் என் மகள் சென்ற ஆண்டு ஒருநாள், "உம்மா, சனிக்கிழமைகளில் கன்னிமாரா நூலகத்துக்குப் பேருந்தில் போய்வரட்டுமா?" என்று கேட்டாள். துணைக்கு ஆள் இருந்தால் போகலாம் என்றேன். ஆள் கிடைக்கவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

அண்மையில் கணவரின் வணிக வேலையாக இருவரும் காயல்பட்டினத்திலிருந்து சென்னை சென்று, திருவல்லிக்கேணியில் இரண்டு நாள் தங்கினோம். மறுநாள் அவர் பாரிமுனைக்குப் புறப்பட்டுவிட்டார். நான் லுஹரையும் அஸ்ரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதேன். பிறகு அவரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு அறையைப் பூட்டினேன். ஐம்பத்திரண்டு வயதில், பெருநகர் ஒன்றில் நான் தனியே எடுத்துவைத்த முதல் அடி அது.

தொடக்கத்தில் அச்சம்தான். கைப்பையை இறுகப் பற்றியிருந்தேன். வாலாஜா பள்ளிவாசலின் முன் வந்ததும் நின்றேன். 1795-இல் எழுந்த அந்தக் கருங்கல் கட்டடத்தைப் பலமுறை கடந்திருக்கிறேன். எப்போதும் யாரோ ஒருவர் முன்னே விரைந்துகொண்டிருப்பார். அன்று என்னை அழைக்க எவருமில்லை. விரும்பிய மட்டும் பார்த்தேன். வழியில் ஒரு கொய்யாப்பழம் வாங்கி, யாருக்குப் பங்கு வைப்பது என்ற எண்ணமின்றி நிழலில் அமர்ந்து உண்டேன். (பிள்ளை பெற்றவர்களுக்கு இதன் அருமை புரியும்.)

எழும்பூர்ப் பேருந்தில் நடத்துநர் மகளிருக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துத் தந்தார். சன்னலோரம் அமர்ந்தேன். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் நாவு தானாகத் திக்ரில் இறங்கியது. வீட்டில் தஸ்பீஹ் மணியைக் கையிலெடுத்தால் அடுப்பும் அழைப்புமணியும் குறுக்கிடும். தனிமையில் இறைவனை நினைந்து கண் கலங்கியவருக்கு மறுமையில் அர்ஷின் நிழல் உண்டு என்னும் நபிமொழியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அத்தகைய தனிமை நம் வீட்டுப் பெண்களுக்கு எப்போது வாய்க்கிறது?

1896-இல் திறக்கப்பட்ட அந்த நூலகத்தில், தலைமறைத்த இரண்டு பெண்கள் வெவ்வேறு மேசைகளில் குனிந்து படித்துக்கொண்டிருந்தனர். அவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் மகளுக்கு நான் மறுத்தது இதைத்தானா என்று எண்ணியபோது நெஞ்சு கனத்தது.

சிலர் முகம் சுளிக்கலாம். இரவில் தனித்துப் பயணம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நானும் அறிவேன். அந்த எச்சரிக்கை ஆணுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. மஹ்ரம் துணை பற்றிய சட்டம் பயணத்துக்கு உரியது. ஒரே நகருக்குள் பகலில் நூலகம் சென்று திரும்புவதை மார்க்கம் பயணமாகக் கருதுவதில்லை. அதைத் தடுத்தது என் அச்சம். அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டியவளும் நானே. எந்நேரமும் எங்கும் செல்லலாம் என்று நான் வாதிடவில்லை. வீட்டாருக்குத் தெரிவித்து, வெளிச்சம் இருக்கையில் திரும்பும் பெண்ணைத் தடுக்க நம்மிடம் என்ன காரணம் இருக்கிறது என்றே கேட்கிறேன்.

மாலையில் மகளின் விடுதிக்குச் சென்றோம். நூலகத்தைப் பார்த்துவந்தேன் என்றதும், "யாரோடு போனீர்கள் உம்மா?" என்றாள். தனியாக என்றேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எந்தப் பேருந்தில் ஏறினீர்கள்?" என்று கேட்டாள்.