தவளை வந்தது, தடைக்காலம் வரவில்லை

மழைக்காலம் தொடங்கியதும் வாளையார் வட்டாரத்துக் குளக்கரைகளில் ஒரு வினா தமிழிலும் மலையாளத்திலுமாக மாறி மாறி ஒலிக்கிறது: விராலுக்கு எந்த லூர், எந்த முள்? கோயம்புத்தூரிலிருந்து வண்டியில் வந்திறங்கும் இளைஞரும் இதையே கேட்கிறார். கஞ்சிக்கோட்டில் வேலை முடித்து மாலையில் தூண்டிலோடு இறங்குபவரும் இதையே கேட்கிறார். வினாவில் குற்றமில்லை. அதற்குக் கிடைக்கும் விடைகள்தாம் இந்த நீருக்கு உரியவை அல்ல. வட அமெரிக்க ஏரிகளில் வாழும் பாஸ் என்னும் மீனுக்காக உருவான விடைகளை, அந்த மீனே இல்லாத பாலக்காட்டுக் குளங்களுக்குச் சொல் மாறாமல் ஒப்பிக்கிறார்கள் தூண்டில் காணொளிக்காரர்கள். இறக்குமதியான கருவி இங்கே யாரைக் கொல்கிறது, எப்போது கொல்கிறது என்று கேட்பார் எவருமில்லை.

மென்மையான நெகிழி இரையின் வரலாறு நீண்டதன்று. ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949இல் நெகிழி மண்புழுவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பி.வி.சி. பிசினை நெகிழ்வூட்டும் எண்ணெயில் கலந்து, சூடாக்கி, அச்சில் வார்ப்பதே முறை. இன்று கடையில் தொங்கும் புழு, ஓணான், மீன்குஞ்சு, தவளை வடிவங்களுள் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவையே. அவற்றைக் கோக்கும் வளைந்த முள்ளும், கூர்முனையை இரையின் உடலுக்குள் புதைத்துப் பாசியில் சிக்காமல் இழுக்கும் டெக்சாஸ் முறையும் பாஸ் வேட்டையின் பிள்ளைகள்.

பாஸ் வாயைச் சட்டெனத் திறந்து நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும் மீன். அதன் வாய் அகன்றது. பற்கள் மிகச் சிறியவை. விராலோ கவ்விப் பிடிப்பது, தாடை எலும்பு கெட்டியானது, பற்கள் கூரியவை. பாஸுக்கென்று விற்கும் மெல்லிய நீண்ட புழுவை விராலிடம் எறிந்தால் வால் அறுந்து மீனின் வயிற்றிலோ குளத்தின் சேற்றிலோ தங்கும். பாஸுக்கான மெல்லிய கம்பி முள் விராலின் தாடையில் நிமிர்ந்துவிடும். மீன் தப்பும், முள் சில வேளை வாயிலேயே நிற்கும். ஆகவே அல்லியும் ஆகாயத்தாமரையும் மூடிய குளத்துக்கு உள்ளீடற்ற ரப்பர் தவளையே பொருத்தம் என்று அனுபவமுள்ளோர் சொல்வது சரி. அத்தவளையின் இரட்டை முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி நிற்கும். மீன் கவ்வும்போது உடல் நசுங்க, முனை வெளிப்படும். விரலால் அழுத்தினால் எளிதில் நசுங்காத தவளையை வாங்குவது வீண்செலவு. வளைமுள்ளில் கோக்கும் திண்மையான தவளையானால், முள்ளின் வாய் இரையின் உடல் பருமனைப் போல் இரு மடங்கேனும் அகன்றிருக்க வேண்டும். இல்லையேல் நசுங்கிய நெகிழியே வாயை அடைத்துக்கொள்ளும். முள்ளின் எண்ணிலும் புதியவர் தடுமாறுவர்: 1 வரை எண் பெருகப் பெருக முள் சிறிதாகும், அதைக் கடந்து 1/0, 2/0, 3/0 என்று போனால் பெரிதாகும்.

தொழில்நுட்பம் இவ்வளவே, ஒரு மாலையில் கற்றுவிடலாம். கற்பிப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்குக்குரியது.

விரால் பாசியை விலக்கி, நீர்ப்பரப்பில் வட்டமாக இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் மிதக்கும், ஓரிரு நாளில் பொரிக்கும். பிறகு வாரக்கணக்கில் தாயும் தந்தையும் சேர்ந்தே குஞ்சுகளைக் காவல் காக்கும். அந்தக் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தவை. நூற்றுக்கணக்கில் ஒரே திரளாக நகரும். மூச்சுக்கும் உணவுக்குமாக மேலே வரும்போது நீர் கொதிப்பதுபோல் ஒரு சிவந்த திட்டுத் தெரியும். அந்தத் திட்டுக்கு நேர் கீழே பெற்றோர் நிற்கும். இதைப் பழகிய கண் முப்பது அடிக்கு அப்பாலிருந்தே கண்டுகொள்ளும். காணொளியில் இதற்கென்று தனி அத்தியாயம் உண்டு: திட்டைக் கண்டுபிடி, அதன் நடுவில் தவளையைப் போடு, இரண்டு முறை இழு, மீன் உறுதி.

ஆம், உறுதிதான். தவளையைத் தின்பதற்காக அந்த மீன் வருவதில்லை. குஞ்சுகளுக்கு நடுவில் விழுந்த பகைவனை விரட்ட வருகிறது. பசித்த மீன் இரையைப் பார்த்து, ஐயுற்று, விலகவும் செய்யும். காவல் மீனுக்கு அந்த உரிமை இல்லை. விலகினால் குஞ்சு போகும். இரண்டு செயலையும் ஸ்ட்ரைக் என்ற ஒற்றைச் சொல்லாலும், தமிழில் ‘அடி’ என்ற ஒற்றைச் சொல்லாலும் மூடிவிடுகிறது தூண்டில்காரர் வழக்கு. பசியால் அடித்ததும் பாசத்தால் அடித்ததும் ஒரே கணக்கில் ஏறுகின்றன. வேறுபாட்டைச் சொல்லச் சொல்லில்லாத இடத்தில் வேறுபாடு கண்ணிலும் படாது.

சொல் அறவே இல்லாமலும் இல்லை. எல்லைக்கு அப்புறம் மலையாளத்தில் விரால் குஞ்சுத் திரளைப் பார்ப்பு என்றே அழைக்கிறார்கள். இது பழந்தமிழ்ச் சொல். தொல்காப்பியத்தின் மரபியல் பறவைகளின் இளமைக்கும் தவழ்வனவற்றின் இளமைக்கும் இப்பெயரை வகுத்தது. சங்கப் பாடல்களில் ஆமைக்கும் முதலைக்கும் பார்ப்பு உண்டு. தமிழ்ப் பேச்சில் ஏறத்தாழ மறைந்த சொல், வாளையாருக்கு மேற்கே குளக்கரையில் உயிரோடிருக்கிறது. வரால் என்ற பழைய வடிவத்தையும் மலையாளமே காத்துவருகிறது. தமிழ்ப் பேச்சு அதை விரால் ஆக்கிக்கொண்டது. இன்று ‘பார்ப்பு’ என்ற அச்சொல் காணொளித் தலைப்புகளில் மீன் சிக்கும் இடத்தின் அடையாளமாக இறங்கிக்கிடக்கிறது. இளமையைக் குறித்த சொல் வேட்டைக்குறியைச் சுட்டும் சொல்லாக மாறுவதைச் சொற்பொருள் மாற்றம் என்று பாடநூல் குறித்துவிட்டு நகரும். குளத்துக்கு அது அவ்வளவு எளிய செய்தியன்று.

இப்போது அமெரிக்கக் கணக்கைப் பார்க்கலாம். பாஸிலும் காவல் உண்டு. அங்கே ஆண் மீன் தனியாகக் கூட்டைக் காக்கிறது. 1990களில் வட அமெரிக்க மீனியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். காவல் மீனைத் தூண்டிலில் இழுத்துச் சற்று நேரத்தில் அதே இடத்தில் விட்டுவிட்டாலும், அதற்குள் சிறு மீன்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னத் தொடங்கிவிடுகின்றன. திரும்பிய மீன்களில் சில கூட்டையே கைவிடுகின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் தன் பெரும்பாலான பகுதிகளில் பாஸ் முட்டையிடும் வசந்த காலத்தில் அதன் வேட்டையை மூடிவைக்கிறது. அங்கே பருவம் திறக்கும் நாளைத் தூண்டில்காரர் திருவிழாபோல் காத்திருக்கிறார்கள். அந்த மீனின் தவளையும் முள்ளும் சுருள்நூலும் வாளையாருக்கு வந்தன. மூடிய பருவம் மட்டும் வரவில்லை. கருவியைக் கொண்டுவந்தவர்கள் அதன் கட்டுப்பாட்டைத் துறைமுகத்திலேயே இறக்கிவைத்துவிட்டார்கள். விற்பனைக்கு உகந்த பாதிதானே கப்பலேறும்!

இதைவிடக் கொடிய குழப்பம் ஒன்றுண்டு. விரால் இனத்தைத் தவளையால் பிடிக்கும் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து இங்கே பாடம் கற்கிறார்கள். அமெரிக்காவில் விரால் அயல்மீன். மேரிலாந்தின் கிராஃப்டன் ஊர்க் குளமொன்றில் 2002இல் ஆசிய விரால் கண்டெடுக்கப்பட்டபோது அந்நாடே பதறியது. அதே ஆண்டில் உயிருள்ள விரால் இறக்குமதியை நடுவணரசு தடைசெய்தது. பிடித்தால் கொல்லுங்கள் என்று மேரிலாந்து இன்றும் கேட்டுக்கொள்கிறது. குஞ்சுத் திரளோடு பெற்றோரைப் பிடிப்பது அங்கே ஊருக்குச் செய்யும் தொண்டாக எண்ணப்படுகிறது. அவர்கள் நிலையில் அது பொருத்தமே. இங்கே விரால் மண்ணின் மீன். அங்கே அழிப்பதற்காக வகுத்த முறையை இங்கே விளையாட்டு என்ற பெயரில் கையாள்பவர், மேரிலாந்துக்காரர் செய்ய விரும்பியதை அப்படியே செய்துமுடிக்கிறார். அதே தவளை தெற்கே பம்பையிலும் அச்சன்கோவிலாற்றிலும் மீனச்சிலாற்றிலும் விழுகிறது. அங்குள்ள மலபார் விராலை பிரான்சிஸ் டே 1865இல் விவரித்தார். தனி இனம் அன்றென்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட அது, 2011இல்தான் தனி இனமாக மீண்டும் நிலைநாட்டப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய அந்த மீனும் குஞ்சுகளைக் காக்கும். அதன் திட்டிலும் தவளை விழுகிறது.

மறுப்புகள் தெரிந்தவையே. விரால் கொன்றுண்ணி, நீர்த்தேக்கத்தில் விட்ட கட்லா, ரோகு குஞ்சுகளைத் தின்னும், அதைக் குறைப்பது நல்லது என்பது முதலாவது. பாலக்காட்டு நீர்த்தேக்கங்களில் பட்டியல் சாதி, பழங்குடி மீனவர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் மீன்பிடித்துப் பிழைக்கின்றன. விரால் மிகுந்ததா குறைந்ததா என்று சொல்லும் தகுதி அவர்கள் வலைக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்து, இசைவு பெறாமல் கரையில் நின்று, ஒரு படத்துக்காகத் தவளை எறிபவர் அச்சங்கத்தின் நலனைக் காக்க வந்ததாகச் சொல்வது நகைப்புக்குரியது. கூட்டுறவுக்காரர் விராலை விற்று அரிசி வாங்குகிறார். இவரோ அதே விராலைக் காட்டி விருப்பக்குறி வாங்குகிறார்.

கிராமத்தார் காலங்காலமாகப் பார்ப்பில் தூண்டில் போட்டவர்களே என்பது இரண்டாவது மறுப்பு. உண்மை. உயிர்த் தவளையை முள்ளில் கோத்துக் குஞ்சுத் திட்டில் ஆட்டும் வழக்கம் இரு மாநிலத்திலும் பழையது. அதைப் புனிதமாக்க வேண்டியதில்லை. ஆனால் மூங்கில் கோலின் நீளத்துக்குள் இருந்த கை இன்று ரீலின் துணையோடு குளத்தின் நடுவரை எட்டுகிறது. ஒரு ஊரின் நான்கு பேர் அறிந்த குளத்தை மாலைக்குள் நாலாயிரம் பேர் அறிகிறார்கள். பழைய வழக்கத்தின் பெயரால் புதிய அளவுக்கு மன்னிப்புக் கேட்க முடியாது. மழைத் தொடக்கத்தில் முட்டையோடு மேடேறும் மீன்களை வளைத்துப் பிடிக்கும் ஊத்த பிடித்தமும் கேரளத்தில் பழைய வழக்கமே. அது இன்று சட்டப்படி குற்றம். கடலில் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, கேரளக் கரைக்கு ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவலைக்குத் தடை. வயிற்றுப்பாட்டுக்குப் பிடிப்பவரை அறுபது நாள் கரையில் உட்காரச் சொல்லும் சமூகம், பொழுதுபோக்குக்குப் பிடிப்பவரைச் சில வாரம் பொறுத்திருக்கச் சொல்லக் கூசுவது ஏன்?

பிடித்ததை விட்டுவிடுகிறோம் என்பது மூன்றாவது, படித்தவர் சொல்வது. பாஸ் ஆய்வுகள் இதற்கு விடை சொல்லிவிட்டன. விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன், கரையில் பத்து நிமிடம் வைத்தாலும் சாகாது என்பதைத் துணைக்கு அழைக்கிறார்கள். கரையில் கிடப்பது சாகாது. அந்தப் பத்து நிமிடத்தில் திலேப்பியாவும் கெண்டையும் கீழே என்ன செய்கின்றன என்பது படத்தில் விழுவதில்லை.

நெகிழியைப் பற்றி நீண்ட பேச்சுத் தேவையில்லை. பி.வி.சி. மட்காது, அறுந்த வாலைக் குளத்தில் எறிந்தால் அது அங்கேயே கிடக்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2013இல் இத்தகைய இரைகளைத் தடைசெய்யச் சட்டமுன்வரைவு வந்து, தடையாகாமல் போயிற்று. கிழிந்த தவளையைப் பைக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ளச் சட்டம் தேவையில்லை.

எனவே கடைக்காரரிடம் கேட்கும் வினாவின் வரிசையை மாற்றவேண்டும். முதலில் காலம்: மழை தொடங்கிக் குளங்கள் நிறையும் வாரங்களிலும், வடகிழக்கு மழையில் மீண்டும் திட்டுகள் தெரியும்போதும் விராலுக்குத் தூண்டில் வேண்டாம். பிற மாதங்களில் பிடிப்பவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வதா, விடுவதா என்று எறிவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். விடுவதானால் மூன்று கொக்கி முள் கூடாது. முனைக்குச் சற்றுக் கீழே, மீன் கழன்றுவிடாதபடி பின்னோக்கிச் சீவியிருக்கும் கூரைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். அப்போது நூல் தளர்ந்தால் மீன் கழலும். சில மீன் தப்பும், தப்பட்டும். பித்தளை நிறத்து இரும்பு முள் வாங்கலாம். துருப்பிடிக்காத எஃகு முள் மீனின் வாயில் அறுந்து நின்றால் நெடுநாள் அப்படியே நிற்கும். எந்த மாதத்திலும் நீரில் சிவந்த திட்டு அசைவதைக் கண்டால் தவளையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்கு நடக்கவேண்டும். அந்த இடத்தைப் படமெடுத்து ஊர்ப்பெயரோடு வெளியிடாமலும் இருக்க வேண்டும்.