மாட்டை ஏற்றுவதா, இறைச்சியை ஏற்றுவதா?

குளிர்பதன ரயில் வேகனின் கதையில் ஐஸைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பவர்கள் அதை வரவிடாமல் தடுத்தவர்கள்தான்.

1870களின் அமெரிக்கா. மேற்கிலிருந்து சிகாகோவுக்கு வந்த மாடுகளில் பெரும்பகுதி மறுபடி ரயிலேறி, உயிரோடு நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் போகும். நெரிசலில் மெலியும், சில வழியிலேயே சாகும். 28 மணி நேரத்துக்கு மேல் கால்நடைகளை இறக்காமல் அடைத்து வைக்கக் கூடாதென்று 1873இல் சட்டமே போட வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும்! மாட்டின் எடையில் பாதிக்கு மேல் தின்ன உதவாத தோலும் எலும்பும் குடலும். அவற்றுக்கும் சேர்த்தே ரயில் கட்டணம்.

1875இல் சிகாகோவுக்கு வந்த மாட்டு வியாபாரி கஸ்டாவஸ் ஸ்விஃப்ட், இங்கேயே அறுத்து இறைச்சியை மட்டும் அனுப்பினால் என்ன என்று கேட்டார். முயற்சி புதிதல்ல. 1868இல் வில்லியம் டேவிஸ் காப்புரிமை பெற்ற ஐஸ் வேகனில் டெட்ராய்ட்டின் ஜார்ஜ் ஹாமண்ட் இறைச்சி அனுப்பியிருந்தார். ஆனால் கொக்கிகளில் தொங்கிய இறைச்சி வளைவுகளில் ஊசலாடி வண்டியையே தடம் புரளச் செய்தது. ஸ்விஃப்ட்டுக்காகப் பொறியாளர் ஆண்ட்ரூ சேஸ் ஐஸை மேலே வைத்தார், இறைச்சியைக் கீழே நெருக்கி அடுக்கினார். குளிர்ந்த காற்று கனமானது, தானாகவே இறங்கும். மோட்டார் இல்லை, விசிறி இல்லை. எனக்கு இது அழகான பொறியியல்.

ரயில் கம்பெனிகளோ இந்த வேகன்களைக் கட்ட மறுத்தன. கால்நடை வேகன்களிலும் பட்டிகளிலும் அவை பெரும்பணம் போட்டிருந்தன. எடை குறைந்தால் வருமானமும் குறையும். ஸ்விஃப்ட் சொந்தமாகவே வேகன்களைச் செய்தார். கால்நடைப் போக்குவரத்து அதிகமில்லாத கிராண்ட் டிரங்க் ரயில்வேதான் அவற்றை இழுக்க ஒப்புக்கொண்டது. உள்ளூர்க் கசாப்புக்காரர்களும் எதிர்த்தார்கள். அவர்கள் பிழைப்பு போனது உண்மை, அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அறுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் மாட்டை மாநிலத்துக்குள்ளேயே சோதிக்க வேண்டும் என்று மினசோட்டா 1889இல் சட்டம் இயற்றியது. சிகாகோவில் அறுத்த இறைச்சி உள்ளே நுழையவே முடியாது! மறுவருடமே உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

பிறகு பழங்களின் முறை. 1906இல் இரண்டு ரயில்வேக்கள் சேர்ந்து தொடங்கிய பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ், கலிபோர்னியாவின் ரோஸ்வில்லில் மாபெரும் ஐஸ் ஆலையை நடத்தியது. வேகன் கூரை உயரத்துக்கு மேடை; அதன்மேல் நின்ற தொழிலாளர்கள் 130 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாளங்களை இரும்புக் கொக்கிகளால் இழுத்து, உடைத்து, கூரைத் திறப்புக்குள் தள்ளுவார்கள். உருகியதை ஈடுகட்ட வழியெங்கும் மறுபடி நிரப்ப வேண்டும். கிழக்குக் கரையில் ஒருவர் குளிர்காலத்தில் ஆரஞ்சு தின்றதற்குப் பின்னால் எத்தனை பேரின் முதுகு வலித்திருக்கும்! வரலாறு ஸ்விஃப்ட்டின் பெயரை வைத்திருக்கிறது, இவர்கள் பெயரை வைக்கவில்லை.

இந்த வேலையை முடித்து வைத்ததும் ஆரஞ்சுதான். உறைய வைத்த ஆரஞ்சுச் சாறு 1940களின் இறுதியில் சந்தையைப் பிடித்தது. அதற்குச் சுமார் மைனஸ் 18 டிகிரி வேண்டும். ஐஸில் உப்பைக் கலந்தாலும் அந்தக் குளிரை வழியெல்லாம் காப்பது பெரும்பாடு. டீசலில் ஓடும் குளிர்பதன இயந்திரம் வேகனுக்குள் வந்தது. 1970களின் தொடக்கத்தில் ஐஸ் மேடைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.