கரையைக் குறுக்கிவிட்டு, காப்பீடு எடு என்பதா?

ஏரிக்கரையிலிருந்து 30 மீட்டர் என்று இருந்த பாதுகாப்பு எல்லையை, ஏரியின் பரப்பைப் பார்த்துக் குறைத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டத் திருத்த மசோதாவை 2025 ஆகஸ்டில் கர்நாடகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அதற்கு மூன்றே மாதம் முன்பு, மே 19 அன்று, பெங்களூரின் ஹொரமாவு சாய் லேஅவுட்டும் மான்யதா டெக் பார்க் சுற்றுப்புறமும் நீரில் மிதந்தன. என்.எஸ். பாளையத்தில் ஓர் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் தேங்கிய நீரை இறைக்கும்போது மின்சாரம் பாய்ந்து ஒரு முதியவரும் ஒரு சிறுவனும் உயிரிழந்தார்கள். அந்த ஈரம் காயும் முன்பே அவசரமாக எடுக்க வேண்டிய முடிவு இதுதானா?

திருத்தம் வகுத்திருக்கும் அளவுகளை ஒருமுறை வரிசையாகப் படித்தால் போதும். 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிக்கு மட்டும் 30 மீட்டர் நீடிக்கும். 25 முதல் 100 ஏக்கர் வரை 24 மீட்டர். 10 முதல் 25 ஏக்கர் வரை 12 மீட்டர். ஓர் ஏக்கருக்கு மேல், பத்து ஏக்கருக்குள் இருந்தால் 6 மீட்டர். ஓர் ஏக்கருக்குள் அடங்கும் குட்டைக்கு 3 மீட்டர். ஐந்து குண்டா, அதாவது ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு வரையுள்ள குட்டைக்கு எல்லையே கிடையாது. 6 மீட்டர் என்பது இருபது அடிக்கும் குறைவு. நம் லேஅவுட்களில் இருக்கும் 30 அடிச் சாலையைவிடக் குறுகல். 1882-இல் கட்டிய சாங்கி ஏரி சுமார் 37 ஏக்கர். நகரமே நடைப்பயிற்சிக்குப் போகும் அந்த ஏரிக்கும் இந்தத் திருத்தத்தின்படி 24 மீட்டர்தான்.

ஏரி சிறியதென்றால் எல்லையும் சிறியதாக இருக்கலாம் என்ற கணக்கு, கேட்பதற்குச் சரி போலத் தோன்றும். பெங்களூரின் நிலத்தை அறிந்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயர மேட்டில் இருக்கும் நகரம் இது. பெரிய ஆறு எதுவும் இதன் குறுக்கே ஓடவில்லை. மேட்டில் விழும் மழை ஹெப்பாள், கோரமங்களா–சல்லகட்டா, விருஷபாவதி என்ற மூன்று பள்ளத்தாக்குகளாகப் பிரிந்து இறங்குகிறது. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஏரிகள் படிப்படியாக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பி வழிந்தால், அந்த நீர் ராஜகாலுவே என்ற பெருங்கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். இந்தத் தொடரின் தலைமாட்டில் இருப்பவை பெரும்பாலும் சிறிய ஏரிகளும் குட்டைகளும்தான். மழையின் முதல் வேகத்தைத் தாங்குபவை அவையே. கொள்ளளவு குறைவு என்பதால் ஒரு மணி நேரப் பெருமழையிலேயே ததும்பிவிடும். வழிந்த நீர் சற்றே பரவி நின்று, மண்ணில் இறங்கி, வண்டலை விட்டுவிட்டு மெல்லக் கீழே போக இடம் வேண்டும். அந்த இடம்தான் பாதுகாப்பு எல்லை. எத்தனை மீட்டர் என்பதைச் சொல்ல வேண்டியது ஏரிக்குள் வந்து சேரும் நீரின் அளவு. ஏரி எத்தனை ஏக்கர் என்று நில ஆவணத்தில் பார்த்து அதை நிர்ணயிப்பது, ஒரு வீட்டின் கழிவுநீர்க் குழாயை அந்த வீட்டின் கதவு எண்ணைப் பார்த்து வாங்குவதற்குச் சமம்.

இந்த 30 மீட்டருக்கு ஒரு வரலாறும் உண்டு. 2016 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் விட வேண்டும் என்றது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மாஸ்டர் பிளானில் உள்ள அளவே செல்லும் என்றது. ஏரிகளுக்கு அந்த அளவு 30 மீட்டர். 75 போனபோது குறைந்தபட்சம் 30 மிஞ்சுகிறதே என்று ஊர் ஆறுதல் அடைந்தது. இப்போது அந்த ஆறுதலின் மேல் கைவைக்கிறார்கள்.

இதன் விலையைக் கொடுக்கப் போவது யார்? ஆறு மீட்டர் தள்ளி எழும்பும் கட்டடத்தில் இருபது ஆண்டுத் தவணையில் ஃபிளாட் வாங்கும் குடும்பம். விற்பவர் கட்டா (மாநகராட்சிச் சொத்துப் பதிவு) காட்டுவார். வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கும். வங்கியின் வழக்கறிஞர் உரிமை ஆவணம் சரி என்று எழுதுவார். இந்த மனையில் முன்பு எந்த அளவுக்குத் தண்ணீர் நின்றது என்ற ஒரு வரி அந்தக் கட்டுக்குள் எங்கும் இருக்காது. விவரம் தெரிந்தவர்கள் கர்நாடக அரசின் திஷாங்க் செயலியில் சர்வே எண்ணைத் தட்டி, பழைய வரைபடத்தில் கெரே (ஏரி), ராஜகாலுவே எங்கே ஓடுகின்றன என்று பார்த்துக்கொள்கிறார்கள். வீடு வாங்கும் யாரும் அதைச் செய்யட்டும். ஆனால், சட்டமே பாதுகாப்பு எல்லையைக் குறுக்கிவிட்டால், வரைபடத்தில் பார்க்கும் இடம் பாதுகாப்பானதா என்பதை எந்தச் செயலியும் சொல்லாது.

பிறகு, காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை வருகிறது. எடுக்கத்தான் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும். வீட்டுப் பொருள்களுக்கும் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, தானாகவே உண்டு. ஆனால், அது தருவது கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவு. மனையின் விலையைத் தராது. பேஸ்மென்டில் மூழ்கிய கார் மோட்டார் பாலிசியைச் சேர்ந்தது. நீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து எஞ்சின் பழுதானால், அதற்கென்று கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவருக்குப் பணம் கிடைக்காது. லிஃப்ட், ஜெனரேட்டர் போன்ற பொதுச் சொத்துக்குக் குடியிருப்போர் சங்கம் தனியே பாலிசி எடுத்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீங்கியது, வீட்டுக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் வெள்ள அபாயப் பகுதி எது என்று அரசே வரைபடம் வெளியிட்டு, அங்கே வங்கிக் கடனில் வீடு வாங்குபவர் வெள்ளக் காப்பீடு எடுப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கே அபாயத்தைப் பெருக்குவது சட்டம். பிரீமியம் கட்டுவது குடிமக்கள்.

இந்த முடிவை எடுத்த மேசைகளின் பழைய கணக்கையும் திறந்துதான் ஆக வேண்டும். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையம் ஆனது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கம் ஆனது. கரகத் திருவிழாவின் சடங்குகளுக்கு அதில் மிஞ்சியது ஒரு சிறு குளம். சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானம் ஆனது. 1980-களில் லட்சுமண ராவ் குழு ஏரிகளைக் காப்பாற்றச் சொன்னது. ஏ.டி. ராமசாமி குழு ஆக்கிரமிப்புகளைப் பட்டியலிட்டது. கோலிவாட் குழு மறுபடியும் பட்டியலிட்டது. பட்டியல்கள் அலமாரியில் தூங்க, ஏரிகள் குறைந்துகொண்டே வந்தன. 1800-களில் 1,452 ஆக இருந்த நீர்நிலைகள் 2016-இல் இருநூறுக்கும் கீழே இறங்கிவிட்டன என்கிறது இந்திய அறிவியல் கழக ஆய்வு. கோரமங்களா பள்ளத்தாக்கில் சுமார் 113 கிலோமீட்டர் ஓடிய கால்வாய்கள் 63 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டதைத் தணிக்கைத் துறையே எழுதியது.

ஆட்சியாளர்களுக்குக் கால்வாய் ஆக்கிரமிப்புகள் மேல் கோபம் வந்தது 2016-இல். அப்போதும் ஜேசிபி போய் நின்றது அவனி சிருங்கேரி நகரிலும் கசவனஹள்ளியிலும். கட்டாவும் அனுமதி பெற்ற வரைபடமும் வங்கிக் கடனும் கையில் வைத்திருந்தவர்களின் வீடுகள் இடிந்தன. அன்று அந்த வரைபடங்களில் முத்திரை குத்திய கைகளே இன்று ஏரிக்கரையை அளக்கின்றன. நேற்று சட்டத்தை நம்பி ஏமாந்த வீட்டுக்காரரை இடித்தார்கள். இன்று சட்டத்தையே மாற்றத் துணிந்து, நாளைய வீட்டுக்காரரை ஏமாற்றத்துக்குத் தயார் செய்கிறார்கள். இது ஆட்சி செய்பவர்களுக்கு அழகல்ல.

மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்துவிட்டோம், கிரேட்டர் பெங்களூரு ஆணையம் அமைத்துவிட்டோம் என்றெல்லாம் சொல்கிறார்கள். பலகை மாறினால் பள்ளம் மேடாகிவிடாது. இந்தத் திருத்தத்தைக் கைவிட்டு, நீர் வரும் வழியையும் நிற்கும் இடத்தையும் அறிந்தவர்களோடு உட்கார்ந்து புதிதாக யோசிக்க வேண்டும். வெள்ள அபாயத்தை வீடு வாங்குபவர் பத்திரம் பதியும் முன்பே அறிந்துகொள்ளும்படி ஏதாவது செய்தாக வேண்டும்.

மத்திய அரசு ஊழியர்களுக்காக எலஹங்காவில் கட்டிய கேந்திரிய விஹாரில் குடியிருப்போர் 2021 நவம்பரில் வெள்ளத்தில் சிக்கினார்கள். 2024 அக்டோபரில் மறுபடியும் படகில் ஏறி வெளியே வந்தார்கள். வீடு வாங்கியதில் அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. மூன்றாவது முறை படகு வராமல் பார்த்துக்கொள்ளும் கடமை கரையை அளப்பவர்களுடையது.