இரட்டைத் தலைக் காசு

காசில் ஒரு ராஜாவின் தலை இருப்பதைப் பார்த்திருக்கிறோம். புருஷன், மனைவி இருவர் தலையும் சேர்ந்திருக்கும் காசும் உண்டு. அது இங்கிலாந்து நாட்டு வெள்ளிக் காசு.

1689-ஆம் ஆண்டு மூன்றாம் வில்லியமும் அவர் மனைவி இரண்டாம் மேரியும் சேர்ந்து முடி சூடினார்கள். மேரி ராஜாவின் மனைவி மட்டும் அல்ல. அவரும் நாட்டை ஆளும் ராணி. ராஜா போருக்குப் போனபோது ராணிதான் ஆட்சியைக் கவனித்தார். அதனால் காசில் இருவர் முகமும் அடுத்தடுத்துப் பொறிக்கப்பட்டன. 1694-இல் மேரி பெரியம்மையால் இறந்தார். அதன் பிறகு அடித்த காசுகளில் வில்லியம் மட்டுமே இருக்கிறார்.

இதற்கும் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது!

வில்லியம் டச்சு நாட்டின் தலைவரும் ஆவார். பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயியுடன் அவருக்குப் போர். அந்தச் சண்டை இங்கேயும் வந்தது. 1693-இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1697-இல் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டது. 1699-இல் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தது. இடையில் டச்சுக்காரர்கள் போட்ட நகரத் திட்டத்தின் சாயலை நம் நேரான தெருக்களில் இன்றும் காணலாம்.

நம் ஊரிலும் காசு அடித்தார்கள். 1736-இல் ஆர்க்காட்டு நவாபின் அனுமதி கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளி ரூபாய் அடித்தார்கள். ஊர் பிரெஞ்சுக்காரர்களுடையது, ஆனால் ரூபாயில் இருந்த பெயர் டெல்லி பாதுஷாவுடையது! ஓரத்தில் ஒரு பிறைக் குறி மட்டும் புதுச்சேரியின் அடையாளம். சின்ன வெள்ளிப் பணத்திலோ கிரீடமும் லில்லிப் பூவும் இருந்தன.

யார் ஆண்டார்கள், யாருக்குப் பணிந்தார்கள் என்பதை ஒரு காசு இப்படிச் சொல்லிவிடுகிறது.

நம் வீட்டுப் பழைய பெட்டிகளிலும் இத்தகைய காசுகள் கிடக்கலாம். அவற்றைத் தராசில் போட்டால் வெள்ளியின் எடை மட்டும்தான் தெரியும். உருக்கிவிட்டால் கொலுசு வரும். காசு சொல்லும் கதை போய்விடும்.

ஆகவே தாய்மார்களே! பழங்காசை உருக்கக் கொடுக்காதீர்கள். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும். விஷயம் தெரிந்தவர்களிடம் காட்டி விவரம் கேளுங்கள். விடுமுறை நாளில் பிள்ளைகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பாட்டி முடிந்து வைத்த காசிலும் நம் ஊரின் சரித்திரம் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.