தலையெழுத்தும் பற்கணக்கும்

நங்கநல்லூரில் சுதந்திர தினத்தை ஒட்டி எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் ஒரு கூட்டம் நடக்கும். கொடியேற்றமும் மிட்டாய் விநியோகமும் முடிந்தபின், இராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க உத்தேசித்திருக்கும் இளைஞர்களுக்கு வழிகாட்டும் பொருட்டு, ஒரு பெரியவர் அங்கே பிரசங்கம் செய்வது வழக்கம். அவர் படையில் இருந்தவர் அல்லர். படையில் இருந்தவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டவர். ஆண்டுக்கு ஆண்டு பிரசங்கத்தின் உதாரணங்கள் மாறும், முத்தாய்ப்பு மாறாது. "பரீட்சை உன் மூளை, இன்டர்வியூ உன் நாக்கு, மெடிக்கல் உன் தலையெழுத்து" என்று அவர் நிறுத்தி நிதானமாகச் சொல்லும்போது கைதட்டல் எழும். தட்டாமல் உட்கார்ந்திருப்பவன் தேசபக்தி இல்லாதவன் என்று பக்கத்து நாற்காலிக்காரர் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக நானும் சில ஆண்டுகள் தட்டியிருக்கிறேன்.

இப்போது அந்த வாக்கியம் மண்டபத்தைத் தாண்டி ஊரெங்கும் உலாவுகிறது. பழவந்தாங்கல் ரயிலடியில் மாலைக் காற்று வாங்கும் தகப்பனார்கள் அதைச் சொல்கிறார்கள். மாணவன் கடைசிப் படியில் சறுக்கினால் தங்கள் விளம்பரப் பலகைக்குப் பங்கம் வராமலிருக்க, பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களும் அதையே ஓதுகிறார்கள். சீன யுத்தத்தின் அதிர்ச்சி ஆறுவதற்குள் 1963-இல் பரங்கிமலையில் தொடங்கப்பட்டு, 1988 முதல் ஆபீஸர்ஸ் டிரெய்னிங் அகாடமி என்ற பெயரோடு விளங்கும் ஸ்தாபனம் எங்கள் ஊருக்கு எதிரிலேயே இருக்கிறது. மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயரில்கூட அந்த அகாடமியும் நங்கநல்லூரும் சேர்ந்தே இருக்கின்றன. அதன் மதிற்சுவரைப் பார்த்துக்கொண்டே வளர்கிற பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் ஞானோபதேசம், உள்ளே போவது விதியின் வசம் என்பதா? இந்தச் சித்தாந்தத்தின் அங்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூக்குக்கண்ணாடி போட்டவனை எடுக்கவே மாட்டார்கள் என்பது முதல் அங்கம். விமானம் ஓட்டுகிறவனுக்கு விதி கடுமைதான். தரைப்படைக்குக் கண்ணாடியின் பவருக்கு ஓர் எல்லை உண்டு, கண்ணாடிக்கே தடை என்பது கிடையாது.

பெரிய இடத்துச் சிபாரிசு இருந்தால் எல்லாம் சரியாகும் என்பது இரண்டாவது. சிபாரிசினால் ஒட்டுகிற செவிப்பறையை நான் இன்னும் கண்டதில்லை.

ஒரே பையனை ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் தகுதி என்றும் வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில் தகுதியில்லை என்றும் சொன்னார்களாம். இருக்கலாம். ஒரே ஜாதகத்துக்கு இரண்டு ஜோசியர்கள் இரண்டு பலன் சொல்வதையும் நம் ஊரில் பார்த்திருக்கிறோம். அதற்காக ஜோசியத்தை யாரும் கைவிட்டதாகத் தெரியவில்லை.

நான்காவது அங்கம் சற்று விஷமமானது. அரிசிச் சோறும் தயிரும் தின்று வளர்ந்த தென்னாட்டு உடம்பு இராணுவத்துக்கு லாயக்கில்லை, ஆகவே மெடிக்கலில் நம் பிள்ளைகளைக் கழித்துவிடுவார்கள் என்று பிரசங்கி சொல்லும்போது அவர் குரலில் துக்கத்தைவிட ஒரு விசித்திரமான திருப்திதான் தெரிகிறது. இந்த வாதத்தை அவர் தாமே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாகவும், பிறகு 1893 வரை இந்தியப் படைகளுக்கே பிரதான தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ் பிரபுவின் அபிப்பிராயம் அது. சென்னைச் சிப்பாய் போருக்கு உதவான், வடமேற்கு மலைநாட்டு ஜாதிகளே வீர ஜாதிகள் என்று அவர் கொண்ட கொள்கையின் விளைவாக, 1758-இலேயே திரட்டப்பட்ட பாரம்பரியமுடைய மதராஸ் காலாட்படை, பட்டாளம் பட்டாளமாகக் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஆள் போதாமல் வெள்ளைக்காரன் தவித்தபோது அந்தச் சித்தாந்தம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்து, மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர் பெற்றது. குமாரமங்கலத்து ஜமீன் குடும்பத்துப் பிள்ளை 1966-இல் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார்; செங்கற்பட்டில் பிறந்த சுந்தர்ஜி 1986-இல் அதே நாற்காலியில் அமர்ந்தார். இத்தனைக்கும் பிறகு, ராபர்ட்ஸ் பிரபு விட்டுப்போன பழஞ்சரக்கை நம்மவரே எடுத்து, மாவிலை கட்டிய மேடையிலிருந்து நம் பிள்ளைகளுக்கு விநியோகம் செய்கிறார். பரங்கிமலையில் பயிற்சி பெற்று, 1987 நவம்பரில் இலங்கையில் உயிர் நீத்து, பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயரைத்தான் அந்த அகாடமியின் அணிவகுப்புத் திடல் இன்று தாங்கி நிற்கிறது. அவரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான். ஆண்களுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச உயரம் 157 சென்டிமீட்டர். அதற்குப் பாஞ்சால தேசத்தில் பிறக்க வேண்டிய அவசியமில்லை.

இவையெல்லாம் கிளைகள். மெடிக்கல் தலையெழுத்து என்ற மூலத்துக்கே வருகிறேன்.

எழுத்துப் பரீட்சையில் நான் எவ்வளவு நன்றாக எழுதினாலும் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் நான் வெளியே. அதன் பிறகு வரும் எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் தேர்வில் மனோதத்துவ நிபுணர் ஒருவர், குழுப் பரிசோதகர் ஒருவர், நேர்காணல் செய்கிறவர் ஒருவர் என்று மூன்று பேர் என்னை மூன்று கோணங்களிலிருந்து பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள். என் குழுவில் எப்படிப்பட்ட பையன்கள் வந்து சேர்ந்தார்கள் என்பதும் என் கையில் இல்லை. அதிருஷ்டம் என்ற ஒன்று இந்தப் பாதையில் எங்கேயாவது வாசம் செய்கிறது என்றால் இந்த இரண்டு இடங்களில்தான் செய்ய வேண்டும். மெடிக்கலுக்கோ மதிப்பெண்ணே கிடையாது. இறுதித் தரவரிசையைத் தயாரிக்கையில் மருத்துவப் பரிசோதனையின் முடிவு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று யூ.பி.எஸ்.சி. தன் அறிவிப்பிலேயே போடுகிறது. அங்கே தகுதி, தகுதியின்மை என்ற இரண்டே பதில்கள்தாம். பக்கத்திலிருக்கும் பையன் ஆரோக்கியமாக இருப்பதால் என் உடம்புக்கு ஒரு மார்க் குறையப் போவதில்லை; வந்திருக்கும் அத்தனை பேரும் தேறலாம். போட்டியே இல்லாத ஒரே கட்டத்தை விதியின் கட்டம் என்றும், போட்டியே உருவான கட்டங்களைத் திறமையின் கட்டங்கள் என்றும் தலைகீழாக வகுத்துவைத்த பிரசங்கியின் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

விதி தன் தீர்மானங்களை முன்கூட்டி அச்சிட்டு வெளியிட்டதாக எந்தப் புராணத்திலும் நான் கேட்டதில்லை. இங்கேயோ எல்லாம் அச்சில் இருக்கிறது. என்.டி.ஏ. பரீட்சைக்கும் சி.டி.எஸ். பரீட்சைக்கும் வெளியாகும் அறிவிப்பின் பின்னிணைப்பில், உயரம், எடை, கண், காது, பல், பாதம் என்று அங்கம் அங்கமாக விதிகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அதோடும் நிற்கவில்லை. எஸ்.எஸ்.பி. தேறிய பலர் உடற்குறைகளால் பின்னர் நிராகரிக்கப்படுகிறார்கள், ஆகையால் விண்ணப்பிக்கும் முன்பே சொந்தமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்து, வழக்கமாக அகப்படும் குறைகளையும் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார்கள். காதுக் குறும்பி, மூக்குத் தண்டு வளைவு, அதிக எடை, குறைந்த எடை, மூலம், விரைவாதம், டான்சில் வீக்கம் என்று அந்தப் பட்டியல் போகிறது. வினாத்தாளைப் பரீட்சைக்குப் பல மாதம் முன்பே கொடுத்து, எந்தெந்தக் கேள்வியில் பையன்கள் தவறுகிறார்கள் என்றும் சொல்லிவிட்ட பிறகு, தவறினவன் தலையெழுத்தை நொந்துகொள்கிறான். பின்னிணைப்பைப் படித்தீர்களா என்று ஒரு தகப்பனாரைக் கேட்டேன். "அது கடைசிப் பக்கம் சார், அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்!" என்றார். பரீட்சைக் கட்டணம் எவ்வளவு என்ற பக்கத்தை அவர் மனப்பாடமாகச் சொன்னார்.

எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஐந்து நாளும் தேறி, ரெகமெண்டட் என்று பெயர் வாசிக்கப்பட்டு, மெடிக்கலில் காதுக் குறும்பியும் எடையும் காரணமாக டி.ஆர். என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். டி.ஆர். என்பது அந்தப் பிள்ளைகளின் பாஷையில் சரிசெய்யக் கூடிய குறை. சரிசெய்ய முடியாதது பி.ஆர். ஆனால் அந்த வீட்டில் அன்று எழுந்த அழுகையில் இந்தப் பேதம் தெரியவில்லை. தாயார் நேராக எங்கள் ஊர் ஆஞ்சநேயர் சந்நிதிக்குப் போய், 32 அடி உயரத்தில் ஒற்றைக்கல்லில் நிற்கும் அந்த மூர்த்திக்கு வடைமாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டு, உடனே சாத்தியும் விட்டார். பிரசாதம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. மிளகு தூக்கலாக, மிகவும் நன்றாக இருந்தது. குறும்பி மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. ஆதிவியாதிஹரர் என்று பெயர் பெற்ற சுவாமிதான். ஆனாலும் காதில் நான்கு நாள் சொட்டு மருந்து விட்டு ஊறவைத்துக் கழுவுகிற வேலையை அவர் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒப்படைத்திருக்கிறார்.

காது ஏன் முக்கியம் என்பதையும் அந்தப் பையன் அறியாமலே போயிருந்தான். முதுகைக் காட்டி நிற்கவைத்து, 610 சென்டிமீட்டர், அதாவது இருபது அடி தூரத்திலிருந்து பரிசோதகர் கிசுகிசுவென்று சொல்வதை ஒவ்வொரு காதாலும் தனித்தனியே கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். நங்கநல்லூரில் தலைக்கு மேல் விமானம் இறங்கும் ஓசையில் வளர்ந்தவனுக்கு இருபது அடிக் கிசுகிசுப்பை வீட்டுக் கூடத்திலேயே பழகிப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை. கூடத்தின் நீளத்தை அளந்து பார்த்தோம். வாசற்படியிலிருந்து பூஜை அலமாரி வரை சரியாக வந்தது.

அடுத்தபடியாகப் பல். இதைத்தான் பிரசங்கி பெரிதாகக் கேலி செய்வார்: "சுடுவதற்குத் துப்பாக்கி இருக்கும்போது கடிப்பதற்குப் பல் எதற்கய்யா?" சிரிப்பு எழும். அந்தப் பையனைத் திண்ணையில் உட்காரவைத்து, ஒரு டார்ச்சு விளக்கும் கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்புறமும் ஒரு பென்சிலும் வைத்துக்கொண்டு நான் கணக்குப் பார்த்தேன். விதிப்படி, மேலும் கீழும் ஒன்றோடொன்று பொருந்தும் வெட்டுப்பல், கோரைப்பல், முன்கடைவாய்ப் பல் ஆகியவற்றின் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புள்ளி. கடைவாய்ப் பல் ஜோடிக்கு இரண்டு. முப்பத்திரண்டு பற்களும் குறைவற இருந்தால் 22. ஞானப்பல் முளைக்காத வயதில் 18. வேண்டியது 14. ஆக, ஞானம் பிறக்காத நிலையிலும் நான்கு புள்ளி தாராளம் காட்டுகிறார்கள். இவ்வளவு தயாள குணமுள்ள விதியை எங்கே பார்ப்பது? நம் பையன் பத்தாம் வகுப்பில் சொத்தை என்று ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவன், அதனால் 16. வலப்புறம் கீழே இன்னொரு கடைவாய்ப் பல்லில் கறுப்பாய் ஒரு புள்ளி விழுந்திருந்தது. அதையும் பிடுங்கிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. பிடுங்கியிருந்தால் 14, விளிம்பு. சொத்தை சிறிதாக இருக்கும்போதே அடைத்துப் பல்லைக் காப்பாற்றிக்கொண்டான். கொண்டுபோய்க் காட்டியபோது பல் டாக்டரே இந்தக் கணக்கைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்.

தட்டைப் பாதம் இருந்தால் வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் ஒரு பயமுறுத்தல் உண்டு. ஈரக் காலோடு மொசைக் தரையில் நிற்கச் சொன்னேன். அடிச்சுவடு பூரி மாதிரி முழுசாகப் பதிந்தது. தாயார் கையைப் பிசைந்தார். பிறகு நுனிக்காலில் நிற்கச் சொன்னேன். உள்வளைவு தெளிவாக எழுந்தது. நுனிக்காலில் நிற்கும்போது வளைவு திரும்பி வந்து, பாதம் வலியின்றி நெகிழ்ந்து கொடுத்து, அவன் நன்றாக ஓடவும் குதிக்கவும் முடிந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று அதே பின்னிணைப்பில் எழுதியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில்தான்.

பிரசங்கி சொல்லும் இரகசிய யுக்தி ஒன்றும் இருக்கிறது: "கேட்காததைச் சொல்லாதே." பழைய நோயையும் அறுவையையும் மறைத்துவிட்டால் பிழைத்தாய் என்பது அதன் தாத்பரியம். நோய் வரலாற்றைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பதும், அறுவைத் தழும்பு சட்டையைக் கழற்றியதும் தானே பேசும் என்பதும் அவருக்குத் தெரியாது போலும். அதிகாரியாகப் போகிறவனுக்கு முதல் பாடமாகப் பொய்க் கையெழுத்தைப் போதிக்கும் மேடையில் மூவர்ணக் கொடி வேறு பறக்கிறது.

முறையீடு வெறும் கண்துடைப்பு என்பது கடைசி அங்கம். தகுதியில்லை என்றால் காரணத்தைச் சொல்லி, மேல் மருத்துவக் குழுவுக்கு எப்படிப் போவது என்பதையும் சொல்லி அனுப்புகிறார்கள். அதற்கு 42 நாள் அவகாசம். காதைக் கழுவ ஒரு வாரம் போதும். எடை நாக்கைப் பொறுத்தது. அந்தப் பையன் இரவு டிபனை விட்டு, விடியற்காலையில் நங்கநல்லூர்த் தெருக்களைச் சுற்றி ஓடி, வடைப் பிரசாதத்தையும் கண்ணால் மட்டும் பார்த்து இறக்கினான். மூக்குத் தண்டு போன்றவற்றை 42 நாளுக்குள் திருத்தி ஆறவிடுவது கஷ்டம். அதனால்தான் விண்ணப்பிக்கும் முன்பே பார் என்கிறார்கள். அவன் முறையீட்டில் தேறினான். தேறாதவர்கள் இல்லையா என்று பிரசங்கி கேட்பார். இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் அந்த 42 நாளில் டாக்டரைப் பார்த்தார்கள் என்று நான் கேட்பேன்.

முறையீட்டுக்கும் மேலே மறுபரிசீலனைக் குழு என்று ஒன்று உண்டு. அதை உரிமையாகக் கேட்க முடியாது; ஆயுதப்படை மருத்துவ சேவைகளின் தலைமை இயக்குநர் தகுதியைப் பார்த்து மனம் வைத்தால்தான் கிடைக்கும். பெரியவர் இவ்வளவு ஆண்டுகளாக மூச்சுப் பிடித்துப் பேசிவருவதற்கு மரியாதையாக, அந்த ஓர் இடத்தை மட்டும் தலையெழுத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுக்கிறேன். வடைமாலையையும் அதுவரை ஒத்திப்போடலாம்.