மூன்றாம் வருஷம் யார் வருவார்?

சுயதொழில் பயிற்சியின் கடைசி நாள் எப்படி இருக்கும் என்று போய் வந்தவர்களுக்குத் தெரியும். சான்றிதழ், குரூப் போட்டோ, டீ, வடை. அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் குழுவும் பிறந்துவிடும். ஆறு மாதம் போனால் அதில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும்தான் மிஞ்சும்.

சேலத்தில் இந்தியன் வங்கியின் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம் இருக்கிறது. பயிற்சி, சாப்பாடு எல்லாமே இலவசம். 1982-ல் கர்நாடகத்து உஜிரேயில், தர்மஸ்தலத்தின் வீரேந்திர ஹெக்டே இரண்டு வங்கிகளோடு சேர்ந்து தொடங்கிய 'ருட்செட்டி' பயிற்சி நிறுவனம்தான் இதற்கு மூலம். அதைப் பார்த்துத்தான் மத்திய அரசு மாவட்டந்தோறும் இப்படி ஒரு மையம் கொண்டுவந்தது. பயிற்சி சில நாள், பின்தொடர்வது இரண்டு வருஷம் என்பது இவற்றின் ஏற்பாடு. வங்கிக் கடனுக்கு வழிகாட்டுவதும் அதில் சேர்த்தி.

இரண்டு வருஷம் தையலுக்குப் போதும், செல்போன் பழுதுபார்ப்புக்கும் போதும். ஆட்டுக்குப் போதுமா?

சேலம் மாவட்டத்து மேச்சேரி என்ற ஊரின் பேரே ஒரு செம்மறி ஆட்டினத்தின் பேர். உடம்பில் கம்பளி கிடையாது. கறிக்கும் தோலுக்கும் பேர்போனது. பக்கத்துப் பொட்டனேரியில் இதற்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் இருக்கிறது. சினைக்காலம் ஐந்து மாதம். பட்டியில் பிறந்த பெட்டைக்குட்டி வளர்ந்து தாயாக ஒன்றரை, இரண்டு வருஷம் ஓடிவிடும். அதாவது, சொந்தக் குட்டி குட்டி போட்டு மந்தை பெருகத் தொடங்கும் நேரத்தில் மையத்தின் கணக்கில் நம் ஆள் 'முடிந்தவர்' ஆகிவிடுகிறார்.

தொல்லைகள் அதற்குப் பிறகுதான் வரிசை கட்டும். மழை பெய்து புதுப்புல் தழைத்ததும், கொழுகொழுவென்று இருந்த குட்டி துள்ளுமாரி நோயில் ராத்திரியோடு ராத்திரியாகச் செத்துக் கிடக்கும். சந்தையில் வியாபாரி ஆட்டின் முதுகை அமுக்கி, இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு அலட்சியமாக ஒரு விலை சொல்வார். அது அடிமாட்டு விலையா, நியாய விலையா என்று வகுப்பறைக் கரும்பலகை சொல்லாது. நாலு வருஷம் முந்தி அதே பயிற்சிக்குப் போய்வந்த அண்ணன் சொல்வார். பழைய மாணவர்கள் வேண்டியது இங்கேதான். ஆண்டுக்கொரு தடவை சால்வை போர்த்திக்கொள்ள அவர்கள் வர வேண்டாம். தடுப்பூசி போட்ட தேதியும், செத்த குட்டியும், விற்ற விலையும் எழுதிய நோட்டோடு வரட்டும்.

"நம்மிடம் கற்றுக்கொண்டு நமக்கே போட்டியாக வந்துவிட்டால்?" என்று சிலர் தயங்குகிறார்கள். மளிகைக்கடை என்றால் அந்தப் பயத்தில் அர்த்தம் உண்டு. ஆட்டில் கதை வேறு. நாலு கிடாவோடு தனியாக நிற்பவன் சொல்கிற விலை எடுபடாது. பக்ரீத்துக்கு முன்னால் பத்துப் பேர் சேர்ந்து நாற்பது கிடாவைக் காட்டினால், லாரி வைத்திருக்கும் வியாபாரி பட்டிக்கே வந்து பேசுவார். அப்படிப் பார்த்தால், பின்னால் வரும் தம்பி தேறினால் நமக்கும் காசு.

டெல்லியில் 1992-ல் தொடங்கிய பாரதிய யுவ சக்தி அறக்கட்டளை, தொழில் தொடங்கும் இளைஞர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியைச் சேர்த்துவிடுகிறது. நம் மையங்களும் அதைச் செய்யலாம்: புதிய அணியின் பேர்ப்பட்டியலை எழுதும்போதே, ஒவ்வொரு பேருக்கும் எதிரில் அதே ஒன்றியத்துப் பழைய மாணவர் ஒருவரின் பேரையும் எழுதிவிடுவது. செலவில்லாத வேலை.